காத்து எந்தப் பக்கம்னு பாத்துட்டு கேமராவ எடுங்க: ராம்நாடு கடலோரத்துப் புள்ளிமான்கள்

ராமநாதபுரம் மாவட்டத்துல புள்ளிமான் இருக்குன்னு சொன்னா வெளியூர்க்காரங்க பாதிப்பேர் நம்பறதில்ல, மான்னா அவங்களுக்கு முதுமலை, இல்லனா சென்னைல கிண்டி. ஆனா சாயல்குடி, கடலாடி சுத்துப்பட்டுல வெள்ளாமை பாக்குற யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, ராத்திரி உளுந்துக்குள்ள மான் எறங்குன கதைய வருத்தத்தோட சொல்லுவாங்க. இங்க மலை கிடையாது, பெரிய காடு கிடையாது, கருவக்காடு, உடைமரம், பனங்காடு, மணல்மேடு, உப்பளம், வருஷத்துல பாதி நாள் காஞ்சு கிடக்குற கம்மாய், இதுக்குள்ளதான் அதுக வாழுது. இந்த வெட்டவெளில வருஷம் பூரா மானைப் பாத்து போட்டோ எடுக்குறதுல நான் கத்துக்கிட்டத, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு உதவும்னு எழுதுறேன். எந்த ஊரு, எந்தக் கம்மாய்னு மட்டும் சொல்ல மாட்டேன், காரணம் கீழ வரும்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். வல்லநாட்டுலயும் கோடியக்கரையிலயும் இருக்கே வெளிமான், அது வெட்டவெளிய நம்பி வாழுற ஜாதி, தூரத்துலயே ஆளப் பாத்துரும், ஓட்டத்துல தப்பிச்சுக்கும். புள்ளிமான் அப்படி இல்ல, அதுக்கு ஒளிய ஒரு மறைவு பக்கத்துலயே வேணும். பொட்டல்ல மேஞ்சாலும் கருவைய விட்டு ரொம்ப தூரம் போகாது, நாலு பாய்ச்சல்ல உள்ள பூந்துக்குற தூரத்துலதான் நிக்கும். அதனால நடுப்பொட்டல்ல தேடாதீங்க, கருவக்காட்டுக்குள்ள பூந்தும் தேடாதீங்க (உள்ள போனா முள்ளுதான் மிச்சம்), காடும் பொட்டலும் சேர்ற ஓரத்தைப் பாருங்க. அந்த ஓரத்துல குளம்புத்தடம் இருக்கா, புழுக்கை புதுசா இருக்கா, மரத்தோட அடிப்பட்டை கொம்பு உரசி உரிஞ்சிருக்கான்னு மத்தியான வெயில்லயே போய்ப் பாத்து வச்சுக்கணும், அந்த நேரத்துல அதுக உள்ள படுத்துக் கிடக்கும், நாம தொந்தரவு பண்ற மாதிரி ஆகாது.

இப்ப காத்து. கேமரா, லென்ஸ் எல்லாத்துக்கும் முன்னாடி இத எழுதுறதுக்குக் காரணம் இருக்கு, மானுக்கு கண்ணு காதெல்லாம் கூர்மைதான், ஆனா அசையாம உக்காந்திருந்தா கண்ண ஏமாத்தலாம், மூக்க ஏமாத்தவே முடியாது. நம்ம வாடை ஒரு தடவ அடிச்சுருச்சுன்னா அன்னைக்கு அந்தக் கூட்டம் அந்தப் பக்கமே வராது. கடலோரத்துல காத்துக்கு ஒரு கணக்கு இருக்கு. ராத்திரி தரை சீக்கிரம் ஆறிரும், கடல் ஆறாது, அதனால விடியக்காலைல காத்து தரைலேருந்து கடலுக்குப் போகும். வெயில் ஏறி தரை சூடானதும் அப்படியே திரும்பும், பத்து பதினோரு மணிக்கு மேல கடல் காத்து உள்ள வர ஆரம்பிக்கும், சாயங்காலம் வரைக்கும் அதான். அப்ப காலைல மானுக்கும் கடலுக்கும் நடுவுல நாம இருக்கணும், சாயங்காலம் கடலும் மானும் ஒரு பக்கம் நாம ஊர்ப்பக்கம். இது ரெண்டும் மாறுச்சுன்னா ஆறு மணி நேரம் உக்காந்தாலும் வெறும் கருவைதான் போட்டோல இருக்கும்.

இதுலயும் ஒரு விஷயம், நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு கடல். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பாக் விரிகுடா, கடல் கிழக்க இருக்கு. ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி பக்கம் மன்னார் வளைகுடா, கடல் தெக்க இருக்கு. ஒரு எடத்துல படிச்ச பாடத்த இன்னொரு எடத்துல அப்படியே போடக்கூடாது. மன்னார் வளைகுடா பக்கம் தை மாசக் காலை நேரம் போட்டோக்காரனுக்கு ஒரு வரம்னே சொல்லுவேன், காத்து வடக்கேருந்து வரும், சூரியன் தெக்க சாஞ்சு தென்கிழக்குல உதிக்கும், நாம தெக்க உக்காந்தா வாடையும் போகாது, வெளிச்சமும் நம்ம முதுகுப்பக்கத்துலேருந்து மான் மேல விழும். சாயங்காலம் இதுவே தலைகீழ், காத்துக்காக வடக்க உக்காந்தா சூரியன் எதுத்தாப்புல நிக்கும், அப்ப முழு ஒடம்பு வெளிச்சம்னு எதிர்பாக்காம கொம்பையும் காது ஓரத்தையும் சுத்தி வர்ற தங்கக்கோட்டுக்காக எடுக்கணும்.

ஐப்பசி பொறந்தா வாடைக்காத்து, ஆனி ஆடில கச்சான்ங்கற மேல்காத்து, இது ரெண்டும் பலமா இருக்குற நாள்ல மேல சொன்ன காலை மாலைக் கணக்கு எடுபடாது, பெரிய காத்து சின்னக் காத்த அமுக்கிரும். அதனால எந்த மாசமா இருந்தாலும் உக்காரும் முன்ன ஒரு கை புழுதிய எடுத்து மெதுவா விட்டுப் பாருங்க, அதுக்கு மேல ஆப் எல்லாம் தேவையில்ல. செல்போன் ஆப்ல காட்டுற காத்து பக்கத்து டவுன் காத்து, கருவை ஓரத்துல சுழண்டு வர்ற காத்து வேற.

அடுத்தது ஆளுங்க. இங்க மானைப் பத்தி அதிகம் தெரிஞ்சவங்க ஆடு மேய்க்கிற கீதாரிங்கதான். தை மாசி அறுப்பு முடிஞ்சா கிடை போட்டுக்கிட்டு ஊர் ஊரா நகர்ற அவங்க ராத்திரியும் வெளியிலதான் படுக்குறாங்க, மான் எந்த நேரம் எந்த வழியா ஊரணிக்கு வருதுன்னு அவங்களுக்குத் தெரியாததில்ல. ஆட்டு மந்தைக்கும் கீதாரிக்கும் மான் பழகியும் கிடக்கு. மந்தை மேயுற எடத்துக்குப் பக்கத்துலயே மான் தலையக் குனிஞ்சு மேயுறத பல தடவ பாத்திருக்கேன், அதே எடத்துல பேன்ட் சட்டையோட ஒருத்தன் எறங்கி நடந்தா எல்லாத் தலையும் நிமிந்துரும். ஒரு கீதாரி அய்யா என்கிட்ட சொன்னது இன்னும் எனக்கு வேதம், "தம்பி, அதத் தேடி நீ நடக்காத, அது வர்ற வழில முன்னக்கூட்டியே போய் உக்காரு, உக்காந்த பெறகு எந்திரிக்காத". இப்ப நான் அவங்ககிட்ட கேட்டுக்கிட்டு மந்தையோட ஓரமா உடைமர நெழல்ல உக்காந்துக்குறேன், போகும்போது டீத்தூள், சக்கரை, வெத்தலபாக்குன்னு ஏதாவது கொண்டு போறது, எடுத்த போட்டோவப் பிரின்ட் போட்டுக் குடுக்குறது, இதெல்லாம் மரியாதை. காச நீட்டி "மான் எங்க இருக்கு"ன்னு கேக்காதீங்க, அப்படிக் கேக்குறவன அவங்க வேட்டைக்காரனோன்னுதான் பாப்பாங்க, பாக்குறதும் நியாயம்தான்.

பருவம் பருவமா சொல்லணும்னா இங்க வருஷம் மழைல ஆரம்பிக்குது. ஐப்பசி கார்த்திகைல வடகிழக்குப் பருவமழை எறங்குனதும் பொட்டலெல்லாம் புல்லு, கம்மாய் தண்ணி, எங்க பாத்தாலும் தீனி, அதனால கூட்டம் பிரிஞ்சு செதறிரும், கண்டுபிடிக்கிறது கஷ்டம். ஆனா ரோமம் பளபளன்னு, புள்ளி எண்ணுற மாதிரி தெளிவா இருக்கறது இப்பதான். தாழ்வான எடமெல்லாம் தண்ணி நின்னா மணல்மேட்டுக்கும் கம்மாய்க்கரைக்கும் ஏறி நிக்கும், அங்க பாருங்க. மேகம் மூடுன நாள்ல வெளிச்சம் குறைவு, ஐஎஸ்ஓ 3200 போனாலும் பரவால்ல, ஷட்டர் 1/500க்குக் கீழ எறங்காதீங்க. மார்கழி தைல பறவை பாக்க மேலச்செல்வனூர், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம்னு நிறைய பேர் வர்றாங்க, சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022ல ராம்சர்ங்கற உலக ஈரநிலப் பட்டியல்ல சேந்த பெறகு இன்னும் கூட்டம். சரணாலயத்துக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம மானுக்காகக் கரைய விட்டு எறங்கி நடக்காதீங்க, கூடு கட்டுற பறவைக்கும் அது கேடு.

தையும் மாசியும்தான் என் மனசுக்குப் பிடிச்ச காலம். அறுப்பு முடிஞ்ச வயல்ல தாள் நிக்கும், சிந்துன நெல்லும் அடில துளுக்குற புல்லும் தின்ன விடியும்போது ஓரத்துக்கு வரும், பனி லேசா இருக்கும், கானல் கிடையாது. கூட்டத்துல கிடா, பெட்டை, குட்டி எல்லாம் சேந்து நிக்கும். கொம்பு கிடாவுக்கு மட்டும்தான், வருஷா வருஷம் விழுந்து மறுபடி மொளைக்கும், மொளைக்கும்போது மேல வெல்வெட் தோல் மூடியிருக்கும். புள்ளிமானுக்கு இதுக்குன்னு எல்லாத்துக்கும் சேத்து ஒரே மாசம்னு கிடையாது, ஒரே கூட்டத்துல ஒண்ணு உரிஞ்சு தீட்டுன கொம்போடவும் இன்னொண்ணு வெல்வெட்டோடவும் நிக்கறதப் பாக்கலாம். வெல்வெட்ல இருக்குற கிடாவ ஓட விடவே கூடாது, அந்தத் தோலுக்குள்ள ரத்த ஓட்டம் இருக்கு, கருவைல அடிபட்டா காயம்.

குட்டி போட்ட புதுசுல தாய் அதப் புதர்ல படுக்க வச்சுட்டு மேயப் போயிரும். நாம அந்த வழியா போகும்போது ஒரு குட்டி தனியா, அசையாம, தலையத் தரைல ஒட்ட வச்சுப் படுத்திருந்தா "பாவம், தாய் விட்டுட்டுப் போயிருச்சு"ன்னு தூக்கிராதீங்க. தாய் பக்கத்துலதான் எங்கயோ நிக்குது, நாம போகணும்னு காத்துக்கிட்டு இருக்குது. போட்டோவும் வேண்டாம், வந்த வழியே திரும்பிருங்க. நல்ல மனசோட தூக்கிட்டு வந்து பால் குடுத்து செத்துப்போன குட்டி நம்ம பக்கம் ஒண்ணு ரெண்டு இல்ல, அதுபோக 1972ம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல அது குத்தமும்கூட.

பங்குனி, சித்திரை, வைகாசி. மிளகாய்ப்பழம் களத்துல காயுற நேரம், பதனி எறங்குற நேரம், மானுக்கு சோதனையான நேரமும் இதான். கம்மாய் வெடிச்சுக் கிடக்கும், கெணத்துத் தண்ணி உவர் ஏறிரும், புல்லு கிடையாது. அதுகளுக்கு அப்ப கை குடுக்குறது கருவநெத்தும் உடைநெத்தும்தான் (நெத்துன்னா காஞ்ச காய்), கருவநெத்து இனிப்பா இருக்கும், விழுந்தத ஆடு தின்னுற மாதிரியே மானும் தின்னும், எட்டாதத ரெண்டு பின்னங்கால்ல நின்னு பறிக்கும், அந்த ஷாட்டுக்காக நான் எவ்வளவு நேரம் வேணும்னாலும் உக்காருவேன். தின்ன நெத்தோட வெதை புழுக்கைல வந்து மொளைக்குது, அதாவது சீமைக்கருவையப் பரப்புறதுல மானுக்கும் பங்கு இருக்கு. கருவைய ஒழிக்கணும்ங்கறதுல எனக்கு மாத்துக்கருத்து இல்ல, கம்மாய்க்குள்ளயும் வெளைநெலத்துலயும் அது நிக்கவே கூடாது. ஆனா கரிமூட்டத்துக்கு ஒரே நேரத்துல ஒரு பக்கம் பூரா வெட்டித் தள்ளும்போது மானுக்கு ஒளிய ஓரமே இல்லாமப் போகுது, அப்பதான் அது ரோட்டுக்கும் ஊருக்குள்ளயும் வருது. பட்டை பட்டையா வெட்டி, வெட்டுன எடத்துல உடைமரமும் நாட்டுக்கருவேலும் வச்சுக்கிட்டே போனா ரெண்டுக்கும் நல்லது, இது என் கருத்து, கருவை வெட்டுற சொந்தக்காரங்ககிட்டயும் இதத்தான் சொல்லிட்டு இருக்கேன்.

கோடைல ஊரணில, தண்ணித்தொட்டில மான் கண்டிப்பா வரும், போட்டோவும் சுலபம், அதனாலதான் ரொம்ப கவனமா இருக்கணும். அந்த வட்டாரத்துல அது ஒண்ணுதான் தண்ணின்னா கிட்ட உக்காராதீங்க. நாம இருக்கோம்னு தெரிஞ்சா அது தாகத்தோடவே திரும்பும், குட்டிக்குப் பால் குடுக்குற பெட்டை ஒரு வேளை தண்ணி குடிக்காமப் போனா அது சின்ன விஷயம் இல்ல. நூறு மீட்டருக்கு மேல தள்ளி, காத்து தண்ணிப் பக்கத்துலேருந்து நம்ம பக்கம் வர்ற மாதிரி உக்காருங்க, அது தொட்டி வரைக்கும் வராம நடுவுலயே நின்னு நம்ம பக்கம் பாத்துக்கிட்டே இருந்தா எந்திரிச்சு மெதுவா விலகிப் போயிருங்க. இன்னொண்ணு, இந்த மாசத்துல காலை எட்டரை ஒம்போதுக்கு மேல கானல் எழும்பிரும், தூரத்துல எடுக்குற படம் எல்லாம் நெளிஞ்சு வரும், லென்ஸ்ல குறையில்ல, தரைலேருந்து எழும்புற சூட்டுக்காத்து அது. எவ்வளவு வெலை குடுத்து வாங்குன லென்ஸ்னாலும் அதுதான். பேக் பண்ணிட்டு வீட்டுக்குப் போயி சாயங்காலம் வாங்க.

ஆடிக்காத்துல நான் அதிகம் போறதில்ல. மண்ணு பறக்கும், கருவை ஆடிக்கிட்டே இருக்கறதால மானுக்கும் காது நம்ப முடியாம ஒரு பதட்டத்துலயே இருக்கும், சின்ன அசைவுக்கே ஓடும்.

கேமராவப் பத்தி கொஞ்சம். க்ராப் சென்சார் (சின்ன சென்சார்) பாடி, கூட 100-400 இல்ல 150-600 லென்ஸ், இங்க இது போதும், செகண்ட் ஹேண்ட் தாராளமா வாங்கலாம், ஆனா லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சு பங்கஸ் இருக்கான்னு பாத்து வாங்குங்க, கடலோர ஊர்ல இது சாதாரணம். உப்பளம், வெள்ளை மணல் பின்னாடி இருந்தா கேமரா வெளிச்சம் ஜாஸ்தின்னு நெனச்சு மானைக் கருப்பாக்கிரும், எக்ஸ்போஷர் 0.7லேருந்து 1 வரைக்கும் ஏத்துங்க. இருட்டுக் கருவை முன்னாடி வெயில்ல நின்னா நேர் எதிர், கொறைக்கணும், இல்லன்னா புள்ளியும் கழுத்து வெள்ளையும் வெளுத்துப் போயிரும். போகஸ் ஒரே பாயின்ட்ல வச்சு கண்ணுல போடுங்க, எல்லா பாயின்ட்டும் தொறந்து விட்டா முன்னாடி இருக்குற முள்ளுக்கொப்பப் பிடிச்சுக்கும். ட்ரைபாட் வேண்டாம், ஒரு துணிப்பைல அரை அளவுக்கு நெல்லு போட்டுக் கட்டி அதுமேல லென்ஸ வச்சு தரையோட தரையா படுங்க, மான் கண்ணு மட்டத்துக்கு வரும், பின்னாடி பொட்டல் அழகா மங்கும். படுக்குறதுக்கு முன்ன ஒரு குச்சியால தட்டிப் பாக்கணும், சுருட்டைவிரியன் இந்த மண்ணுல உண்டு. வெறும் செருப்பப் போட்டுக்கிட்டு வராதீங்க, கருவமுள்ளு ஏறும், பைக் டயருலயும் ஏறும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால பாடிய, லென்ஸ் வெளிப்பக்கத்த தொடச்சு உப்ப எடுத்துட்டு, காஞ்ச துணியால மறுபடி தொடச்சு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பால வச்சு மூடிருங்க.

துணி விஷயத்துல ராணுவ டிசைன்தான் வேணும்னு இல்ல. மானுக்கு சிவப்பு சரியாத் தெரியாது, நீலம் நல்லாத் தெரியும், வெள்ளையும் பளிச்சுன்னு தெரியும், அதனால ஜீன்ஸும் வெள்ளைச் சட்டையும்தான் தப்பு. காக்கி, மண் கலர், பழைய பச்சை கைலி எல்லாம் சரி. எதப் போட்டாலும் கைய ஆட்டுனா போச்சு. பெட்டை ஒண்ணு தலைய நிமித்தி, காத முன்னாடி திருப்பி, முன்னங்காலால தரையத் தட்டுச்சுன்னா அது உங்களைப் பாத்துருச்சுன்னு அர்த்தம், வாலத் தூக்கி ஒரு கீச்சுக்குரல் குடுத்தா அடுத்தது ஓட்டம். தட்டும்போதே கேமராவ எறக்கி வேற பக்கம் பாருங்க, பாதித் தடவ அது மறுபடி மேய ஆரம்பிச்சுரும்.

விவசாயிங்களோட பேசாம யாரும் இந்த வேலைல எறங்கக்கூடாது. மானாவாரில ஒரு மழைய நம்பி உளுந்தும் கடலையும் போட்டவருக்கு ஒரு ராத்திரில பத்து மான் எறங்குனா அந்த வருஷமே போச்சு. வயலச் சுத்தி பழைய சேலைய கட்டி வேலி போட்டுட்டு ராத்திரி முழிச்சுக் கிடக்குற மனுஷங்கிட்ட போயி "மான் அழகுண்ணே"ன்னு சொல்றது சரியில்ல. அவர் சொல்றதக் கேளுங்க, சேதத்த போட்டோ எடுத்துக் குடுங்க, வனத்துறைல நஷ்டஈட்டுக்கு மனு எழுத உதவி பண்ணுங்க. எனக்கு நல்ல எடம் காட்டுனவங்கள்ல பலபேர் அப்படி உதவி செஞ்ச விவசாயிங்கதான்.

இப்ப எடம் ஏன் சொல்ல மாட்டேன்னா, ராத்திரி ஹெட்லைட் அடிச்சு வேட்டையாடுறவங்க இன்னும் இருக்காங்க, நாம போடுற ஒரு போட்டோல ஜிபிஎஸ் விவரம் ஒட்டிக்கிட்டு இருந்தா அவங்களுக்கு வழி காட்டுற மாதிரி ஆயிரும். கேமராலயும் செல்போன்லயும் லொகேஷன ஆஃப் பண்ணுங்க, பின்னாடி கோயில் கோபுரம், செல்போன் டவர், காத்தாலை தெரிஞ்சா அந்தப் படத்த வெளியிடாதீங்க, "ராமநாதபுரம் மாவட்டம்"னு போட்டா போதும். ராத்திரி டார்ச்சோட நாமளும் போகக்கூடாது.

வேட்டைக்காரங்களுக்கு அடுத்தது தெருநாய்ங்க. பொட்டல்ல நாலஞ்சு நாய் சேந்து வெரட்டுனா மான் ரோட்டுல பாயும், இல்ல கைப்பிடிச்சுவர் இல்லாத கெணத்துல விழும், கிழக்குக் கடற்கரைச் சாலைல அடிபடறதும் இப்படித்தான் நிறைய. அதனால எந்தக் காரணத்துக்காகவும் வீட்டு நாயக் கூட்டிட்டுப் போகாதீங்க, தின்ன மிச்சத்த அங்க போட்டு நாயப் பழக்காதீங்க. கெணத்துல விழுந்தத, அடிபட்டதப் பாத்தா கூட்டம் கூட விடாதீங்க, அதான் மொத வேலை. மான் பயத்துலயே செத்துரும், துரத்திப் பிடிச்சு அமுக்குனா தசையெல்லாம் கெட்டுப்போயி அன்னைக்கோ ரெண்டு மூணு நாள் கழிச்சோ விழுந்துரும், வெளில ஒரு காயமும் இருக்காது. வாயில தண்ணி ஊத்தாதீங்க, செல்ஃபி எடுக்க விடாதீங்க, பிடிச்சே ஆகணும்ங்கற நெலமைல ஒரு துண்டால கண்ண மூடி, சத்தம் இல்லாம நெழல்ல வச்சுட்டு, தீயணைப்புக்கு 101லயும் வனத்துறை ரேஞ்ச் ஆபீஸுக்கும் சொல்லிருங்க. ரேஞ்ச் ஆபீஸ் நம்பர மொத தடவ கெளம்புறதுக்கு முன்னயே போன்ல ஏத்தி வச்சுக்கிட்டுப் போங்க, அங்க போன பெறகு பல எடத்துல டவரே கிடைக்காது, அதனால எந்த மேட்டுல நின்னா சிக்னல் வரும்ங்கறதையும் பாத்து வச்சுக்கோங்க.